மூன்று கொப்பிகள் ஒரு நூலான கதை

கி.பி. 1344 ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று காற்றின் போக்கில் இலங்கையின் மேற்குக் கரையை வந்தடைந்தது. அதில் வந்திறங்கியவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. தாம் கரையேறிய பட்டினத்தை 'பத்தாலா' என்று அவர் குறிப்பிடுகிறார். அது நமது புத்தளமே என்பது ஆய்வாளர் முடிபு. அக்காலப் புத்தளத்தைப் பற்றிப் பேச வேண்டிய எவரும் இன்றுவரை இப்னு பதூதாவின் பக்கங்களைத்தான் புரட்டுகின்றனர்.

ஆனால் அந்த நூலை அவர் தம் கையால் எழுதவில்லை. நாடு திரும்பிய பின் அவர் சொல்லிக்கொண்டு போக, இப்னு ஜுஸை என்னும் எழுத்தாளர் எழுதினார். 1355 இல் நூல் நிறைவு பெற்றது. சொல்வதற்கு ஒருவர், எழுதுவதற்கு ஒருவர். இந்த இருவரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் நமக்கு அந்தப் புத்தளம் கிடைத்திராது.

புத்தளத்திலிருந்து பாலாவிச் சந்தியில் திரும்பி கற்பிட்டி வீதியில் போனால், ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக நீளும் மணல் நிலத்தில் வருவது நுரைச்சோலை. வெளியூரார்க்கு இன்று இப்பெயர் தெரிந்திருப்பது அனல் மின் நிலையத்தால்தான். 2011 இல் முதற் பகுதி இயங்கத் தொடங்கி, 2014 இல் மூன்று பகுதிகளுமாக 900 மெகாவாட் ஆன அந்தப் புகைபோக்கி வெகு தூரத்திலிருந்தே தெரிகிறது. அதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், சின்ன வெங்காயம், மிளகாய், புகையிலை, கரைவலை, தென்னந்தோட்டம் என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்குவர். எந்தக் காணிக்கு என்ன பெயர், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சகோதரர்கள் மன்னாரிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கிய நாட்களில் யார் வீட்டில் எத்தனை பேருக்குச் சோறு ஆக்கினார்கள் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரும். சொல்ல ஆளிருக்கிறது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் அந்த ஆள் ஒருவர் குறைகிறார். எழுதத்தான் ஆளில்லை.

எங்கள் பக்கத்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதினார். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் 'மாஸ்டர்' என்றே குறிப்பிடுகிறேன். எண்பது பக்கக் கொப்பிகள் மூன்று. காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து ஒரு மணி நேரம் எழுதுவார். மூன்றாவது கொப்பி முடிந்தபோது, இதை நூலாக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. வெளியிடுவதற்கு ஆள் தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்காததில் ஆச்சரியமும் இல்லை. ஓர் ஊரின் கதையை முதல் போட்டு அச்சடிக்க எந்த வியாபாரி முன்வருவார்?

வேறு வழியின்றித் தாமே வெளியிடத் துணிந்தார்.

இது புதிய வழியல்ல

சொந்தச் செலவில் நூல் வெளியிடுவதை ஏதோ இரண்டாந்தரக் காரியம்போல் சிலர் பேசுகிறார்கள். நம் சமூகத்தின் இலக்கிய வரலாறு தெரியாதவர்களின் பேச்சு அது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது 1842 இல், செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் எடுத்துக்கொண்ட முயற்சியால். அறிஞர் சித்தி லெப்பை 1882 இல் கண்டியில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தாமே தொடங்கினார். 1885 இல் வெளிவந்த அவரது 'அஸன்பேயுடைய கதை' இந்நாட்டின் முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படுகிறது. அவருக்குப் பின்னால் எந்தப் பெரும் பதிப்பகமும் நிற்கவில்லை.

கண்டிக்கு அருகே கல்ஹின்னைக் கிராமத்திலிருந்து எஸ்.எம். ஹனிபா அவர்கள் 1953 இல் தமிழ் மன்றத்தைத் தொடங்கி நூல் வெளியிட்டார். உடத்தலவின்னையிலிருந்து பீ.எம். புன்னியாமீன் அவர்கள், 2016 இல் காலமாகும் வரை, 'சிந்தனை வட்டம்' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான நூல்களைக் கொண்டு வந்தார். பரீட்சை வழிகாட்டி நூல்களும் இலக்கிய நூல்களும் அந்த வரிசையில் கலந்தே இருக்கும்.  டொமினிக் ஜீவா அவர்களை எடுத்துக்கொண்டால், யாழ்ப்பாணத்தில் தம் சிகையலங்கார நிலையத்திலிருந்தே 1966 ஓகஸ்டில் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, வீதி வீதியாகத் தம் கையாலேயே விற்றவர்.

மேல்நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855 இல் தம் முதல் தொகுதியைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். சில பக்கங்களுக்கு எழுத்துக் கோத்தவரும் அவரே. உலகெங்கும் பிள்ளைகள் படிக்கும் பீட்டர் முயல் கதையைப் பதிப்பகங்கள் திருப்பியனுப்பவே, அதன் ஆசிரியை பீட்ரிக்ஸ் பொட்டர் 1901 இல் 250 பிரதிகளைத் தாமே அச்சிட்டுக் கொடுத்தார். மறு ஆண்டே ஒரு பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது.

காப்பும் கணக்கும்

மாஸ்டரின் வீட்டில் முதலில் எழுந்த பேச்சு பணத்தைப் பற்றியது. மனைவியின் காப்பை வங்கியில் அடகு வைக்கலாமா என்று யோசித்திருக்கிறார். அந்த அம்மா சொன்ன பதிலை அவரே என்னிடம் சொன்னார்: "வேணுமெண்டா வித்துப் போடுங்க. வட்டிக்கு மட்டும் வைக்க வேணாம். அல்லாஹ்ட பேரைச் சொல்லித் தொடங்கிற புத்தகத்தை வட்டியிலயா அடிக்கப் போறீங்க?"

மாஸ்டர் விற்கவுமில்லை, அடகு வைக்கவுமில்லை. காப்பு இன்னும் அந்தக் கையில்தான் இருக்கிறது. அவர் பிடித்த வழி மிகப் பழையது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887 இல் பதிப்பித்தபோது, பிரதி வாங்க இணங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தார். மாஸ்டரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பழைய மாணவர்களிடம் போனார். வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களுக்குச் செய்தி அனுப்பினார். ஒரு பிரதிக்குப் பணம் கொடுத்தால் பெயரும் தொகையும் எழுதி, துண்டும் கொடுத்தார். புத்தகம் வராவிட்டால் பணம் திரும்பும் என்று முதற் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார். அந்தப் பணம் அமானிதம். அதை வீட்டுச் செலவோடு கலக்காமல் வேறாக வைத்தது மனைவியின் பொறுப்பு.

எத்தனை பிரதி அடிப்பது? ஆயிரம் அடித்தால் ஒன்றின் அடக்கவிலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். சொல்வது உண்மைதான். ஓப்செற் முறையில் தகடு செய்யும் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றே. ஆனால் விலை போகாத எழுநூறு பிரதிகள் கட்டிலுக்கடியில் கறையானுக்குப் போகுமானால் அந்தச் சிக்கனத்தால் என்ன பயன்? இப்போது டிஜிட்டல் முறையில் ஐம்பது, நூறு என்றும் அடிக்கலாம். ஒரு பிரதியின் விலை சற்றுக் கூடும், தேவைக்கேற்பத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். கையொப்பம் போட்டவர் எத்தனை பேரோ அதில் ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மாஸ்டர் 300 என்று முடிவு செய்தார்.

கணக்கு விளங்குவதற்காக வட்டமான ஒரு தொகையை வைத்துப் பார்ப்போம். 300 பிரதிக்கு எல்லாமாக ஒன்றரை இலட்சம் ரூபா என்று கொள்வோம். ஒன்று 500 ரூபா என்று நாம் நினைப்போம். சட்டப்படி கொடுக்க வேண்டியது ஐந்து, அணிந்துரை தந்தவர், நூலகம், உறவினர், பத்திரிகை என்று இன்னும் நாற்பத்தைந்து. மிஞ்சுவது 250. ஆக, கையிலிருந்து விற்றாலே ஒன்று 600 ரூபா வந்தால்தான் முதல் மீளும். கடையில் வைத்தால் நூற்றுக்கு 30, 35 கழிவு கேட்பார்கள். 800 ரூபா என்று விலை போட்டாலும் 35 கழிவு போக 520 தான் நம் கைக்கு வரும். அதுவும் விற்ற பிறகு. இந்தக் கணக்கை அச்சகத்துக்குப் போவதற்கு முன் போட்டுப் பார்ப்பவர் குறைவு. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் கண்டோம். ஆகவே அச்சகத்தில் வாங்கும் விலைக் குறிப்பு எந்தத் திகதி வரை செல்லும் என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். தெரிந்த ஆள், நம்ம ஊர்ப் பிள்ளை என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடக் கூடாது.

கொப்பியிலிருந்து பக்கத்துக்கு

மூன்று கொப்பிகளையும் கணினியில் ஏற்றியது மாஸ்டரின் மகளின் மகள். கையெழுத்து விளங்காத இடங்களில் மூத்தாப்பாவை வாசிக்கச் சொல்லித் தொலைபேசியில் பதிந்து, பிறகு கேட்டு எழுதினாள். வாசிக்கும்போது கொப்பியில் இல்லாத பல விடயங்களை அவர் சொன்னாராம். இன்று நூலில் உள்ள மிகச் சுவையான பகுதிகள் அப்படி வந்தவையே. எழுத முடியாத பெரியவர்கள் வீட்டிலிருந்தால் இந்த வழியைக் கைக்கொள்ளலாம். இப்னு ஜுஸையின் வேலையைப் பேத்தியும் செய்யலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு அச்சகங்களில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். யுனிகோடில் தட்டச்சுச் செய்ததைப் பாமினிக்கு மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறும். ஸ, ஷ, ஹ, ஜ வரும் சொற்களில், அதாவது நம் பெயர்களில், கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மாற்றிய பின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மீண்டும் ஒருமுறை படித்தே ஆக வேண்டும். யுனிகோட் மூலப் பிரதி எப்போதும் நம் கையில் இருக்கட்டும்.

பிழை திருத்துவதை எழுதியவர் செய்யக் கூடாது. தாம் எழுத நினைத்ததையே அவர் கண் வாசிக்கும். ஒருவர் உரத்து வாசிக்க, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பு நோக்குவதே சிறந்த முறை. முக்கியமாகப் பெயர்கள். ஒரே மனிதர் ஓரிடத்தில் முஹம்மத், மற்றோரிடத்தில் முகம்மது, இன்னோரிடத்தில் மொஹமட் என்று வந்தால் படிப்பவர் மூவர் என்று நினைப்பார். மர்ஹூம்களின் பெயர்களை அவரவர் வீட்டாருக்குக் காட்டியே உறுதி செய்தார் மாஸ்டர். அப்படிக் காட்டப் போனபோதுதான் ஒரு குடும்பம், தங்கள் வாப்பாவைப் பற்றிய ஒரு சம்பவத்தை எடுத்துவிடும்படி கேட்டது. காணிச் சண்டை விடயம். உண்மையான சம்பவம்தான். மாஸ்டர் இரண்டு நாள் யோசித்து, எடுத்துவிட்டார். சரியா பிழையா என்று இன்றும் எனக்கு முடிவில்லை. வரலாறு என்று பார்த்தால் அது இருந்திருக்க வேண்டும். இறந்தவரின் குறையை மூடுவது என்று பார்த்தால் அவர் செய்தது சரி.

திருவசனங்களும் ஹதீஸும் வரும் இடங்களை ஆலிம் ஒருவரிடம் காட்டி, அத்தியாய எண், வசன எண், மொழிபெயர்ப்பு எல்லாம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. திருத்தி முடிந்த ஒப்புத் தாள்கள் கடலை சுற்றப் போகின்றன. வசனம் உள்ள தாள்களை அச்சகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்துவிடுவதே முறை.

பக்கக் கணக்கு அடுத்தது. டெமி அளவு நூல்களில் ஒரு முழுத் தாள் இருபுறமும் அச்சாகி மடிந்தால் 16 பக்கம். இதை அச்சகத்தார் 'ஃபாரம்' என்பர். மாஸ்டரின் நூல் முதலில் 131 பக்கம் வந்தது. எட்டு ஃபாரம் என்றால் 128. மூன்று பக்கத்துக்காக ஒன்பதாவது ஃபாரமா? அரை ஃபாரம் சேர்த்தாலும் ஐந்து பக்கம் வெறுமையாகப் போகும். நன்றியுரையைச் சுருக்கி, ஓர் அணிந்துரையை (எழுதியவர் அறியாமலே!) இரண்டு பக்கத்திலிருந்து ஒன்றாக்கி, 128 இல் கொண்டு வந்து நிறுத்தினார்கள். 300 பிரதிக்கு 2400 தாள். ரீம் ஒன்றுக்கு 500 தாள் என்பதால் ஐந்து ரீம் வாங்கினால் பழுதாவதற்கு நூறு தாள் மிஞ்சும். கடதாசியை நாமே வாங்கிக் கொடுப்பதானால் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

தலைப்பைப் பற்றி ஒரு சிறு விடயம். இலங்கையில் நுரைச்சோலை இரண்டு உண்டு. மற்றையது அம்பாறை மாவட்டத்தில், அக்கரைப்பற்றுப் பக்கம். சுனாமிக்குப் பின் சவூதி உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்ட இடம். பத்திரிகைகளிலேயே இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் மாவட்டத்தின் பெயரை அட்டையிலேயே போட்டுவிட்டால் நூலகரும் குழம்ப மாட்டார், ஐம்பது ஆண்டு கழித்துத் தேடுபவரும் குழம்ப மாட்டார்.

எண்ணும் சட்டமும்

ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் எண்ணைக் கொழும்பு 7, சுதந்திர மாவத்தையிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. பதிப்பகம் இருக்க வேண்டியதில்லை. ஆசிரியரே வெளியீட்டாளராக விண்ணப்பிக்கலாம். இலங்கை நூல்களுக்கு 978-955 என்று தொடங்கிய எண் இப்போது 978-624 என்றும் வருகிறது. அச்சுக்குப் போவதற்கு முன்பே எண்ணைப் பெற்றுவிட வேண்டும். பிறகு ஒட்டுத் துண்டில் ஒட்டிய நூல்களையும் நான் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பரிதாபம். அதே சபையில் எழுத்தாளர்களுக்கு நூல் வெளியீட்டு உதவித் திட்டமும் இருக்கிறது. கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். முதல் நூல் எழுதுவோருக்காகக் கொழும்பில் புரவலர் ஹாசிம் உமர் அவர்களின் 'புரவலர் புத்தகப் பூங்கா' செய்த பணியும் நம்மவர் அறிந்ததே.

அச்சிட்டவர் ஐந்து பிரதிகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது 1885 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. அஸன்பே வெளிவந்த அதே ஆண்டு! அச்சகம் அனுப்பியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது அவருக்கும் வாரிசுகளுக்கும் உரியது.

அச்சாகி வந்த நாள்

கட்டுகள் வீட்டுக்கு வந்த அன்று மாஸ்டர் மீதிப் பணத்தை முழுவதும் கொடுத்துவிட்டார். அதுதான் அவர் செய்த பிழை. இரவு பேத்தி ஒன்றைப் படிக்கத் தொடங்க, 80 ஆம் பக்கத்துக்குப் பின் மீண்டும் 65 ஆம் பக்கம் வந்தது. 81 முதல் 96 வரை இல்லை. கட்டும்போது ஐந்தாவது ஃபாரத்தை இருமுறை வைத்து ஆறாவதை விட்டிருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களைப் பற்றிய அத்தியாயம் இருந்த இடமே அது. அன்றிரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. உட்கார்ந்து முந்நூறையும் புரட்டினார்கள். முப்பத்தேழு பிரதிகள் இப்படி. திருப்பிக் கொடுத்துச் சரிசெய்து வாங்க ஐந்து வாரம் சென்றது. பணம் கையிலிருந்திருந்தால் ஐந்து நாளில் வந்திருக்கும். ஆகவே கடைசித் தவணையைக் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு கட்டிலும் இரண்டு மூன்றை எடுத்து, பதினாறு பதினாறாகப் புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

வெளியீட்டு விழா பாடசாலை மண்டபத்தில் அஸருக்குப் பின் நடந்தது. நம் நாட்டில் நூலின் முதல் மீள்வது பெரும்பாலும் விழாவில்தான்; முதற் பிரதி, சிறப்புப் பிரதி, கடித உறைக்குள் பணம். இது பிச்சை மாதிரி என்று முகம் சுளிப்போர் உண்டு. கலியாணத்துக்கு உறையில் வைத்துக் கொடுப்பதை யாரும் பிச்சை என்பதில்லையே. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார் என்று மேடையில் அறிவிப்பது நாகரிகமல்ல. மாஸ்டர் அதைச் செய்யவில்லை. பேச்சாளர் ஆறு பேர் என்பதை மூன்றாக்கி, மஃரிபுக்கு முன் முடித்துவிட்டார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். விற்பனை மேசையை ஆண்கள் பக்கம் வைத்தார்கள். விழா முடிந்து பெண்கள் பக்கத்திலிருந்து பேத்தியைச் சூழ்ந்துகொண்டு, "எங்களுக்குப் புத்தகம் இல்லையா புள்ள?" என்று கேட்டபோதுதான் விளங்கியது. ஒரு சாக்குப் பையில் எடுத்துப் போய், கால் மணி நேரத்தில் நாற்பத்தொரு பிரதி விற்றாள். ஆண்கள் பக்கம் அன்று மாலை முழுதும் விற்றது முப்பத்தைந்து.

இப்போது கையில் பத்தொன்பது பிரதிகள் மிச்சம். போட்ட பணம் வந்துவிட்டது. இலாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கு மின்பிரதியைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். பத்து ஆண்டு கழித்து அச்சுப் பிரதி ஒன்றும் இல்லாமற் போனாலும் அங்கே இருக்கும். மன்னாரில் மீளக் குடியேறிய ஒருவர் நூலைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியிருந்தார். 86 ஆம் பக்கத்தில் வரும், பெயர் தெரியாத வள்ளக்காரர் தம்முடைய மாமா என்றும், அவர் பெயர் என்னவென்றும் அதில் இருந்தது. மாஸ்டர் அந்தக் கடிதத்தை நான்காவது கொப்பியின் முதற் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.